வேட்பாளரின் சொல்லை எந்தத் தராசில் நிறுப்பது?

என்னிடம் முதுகலைப் பொருளாதாரம் பயின்ற மாணவி ஒருவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் வசித்து வருகிறார். குடியுரிமை பெற்று, 2016ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கவிருந்த வேளையில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், வரிக் கொள்கையைப் பார்த்தால் டிரம்ப்தான் எங்கள் சிறு தொழிலுக்கு ஏற்றவராகத் தெரிகிறார். ஆனால், கருக்கலைப்பு உரிமை பறிபோய்விடுமோ என்று அச்சமாக இருக்கிறது. எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். என்னோடு வேலை பார்க்கும் பெண்மணி சென்ற ஆண்டுதான் தம் தோழியைச் சட்டப்படி மணந்துகொண்டார். இதெல்லாம் மாறிவிடுமா?" என்று கேட்டார்.

"அஞ்ச வேண்டாம் அம்மா. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைபெற்ற தீர்ப்பை யாரும் அசைக்க மாட்டார்கள். தேர்தல் மேடையில் பேசுவதெல்லாம் ஆட்சிக்கு வந்ததும் மறந்துவிடும்" என்றேன். அவர் யாருக்கு வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், 'டாப்ஸ்' வழக்கில், 1973ஆம் ஆண்டின் 'ரோ எதிர் வேட்' தீர்ப்பை ரத்து செய்தது. கருக்கலைப்பு அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை அல்ல என்று கூறி, அதை முறைப்படுத்தும் அதிகாரத்தை மாகாணங்களிடம் ஒப்படைத்தது. ரோ தீர்ப்பை ரத்து செய்த ஐந்து நீதிபதிகளில் மூவர் டிரம்ப்பால் நியமிக்கப்பட்டவர்கள். இரண்டு மாதங்களில், தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற மிகக் குறுகிய விலக்குகள் தவிர, டெக்சாஸில் கருக்கலைப்பு முற்றிலும் தடை செய்யப்பட்டது. அந்த வாரம் மாணவி மீண்டும் அழைத்தார். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. "நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா சார்?" என்று மட்டும் கேட்டார்.

நினைவிருந்தது. ஒரே ஒரு வாக்கால் முடிவு மாறியிருக்காது என்பது உண்மைதான். ஆயினும், என் ஆலோசனை தவறானது. அதிலும், நான் முப்பது ஆண்டுகள் கற்பித்த பாடத்தையே அரைகுறையாகப் பயன்படுத்தியதால் நேர்ந்த தவறு அது. ஒரு வேட்பாளர் இத்தகைய உரிமைகள் குறித்துக் கூறுவதை எப்படி எடை போடுவது என்பதை அன்றிலிருந்து யோசித்து வருகிறேன். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாக்காளர்களாக இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல இருப்பதால், அதை இங்கே பகிர்ந்துகொள்வது பயன்படும் எனக் கருதுகிறேன்.

இந்தியாவில் கருக்கலைப்பை நெறிப்படுத்தும் சட்டம் 1971ஆம் ஆண்டிலேயே, ரோ தீர்ப்புக்கு முன்பாகவே, நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. இங்கு அது தேர்தல் முழக்கமாக மாறவில்லை. அமெரிக்காவிலோ அந்த உரிமை நாடாளுமன்றச் சட்டத்தின் மீது அல்லாமல் நீதிமன்றத் தீர்ப்பின் மீது நின்றது. தீர்ப்பு நீதிபதிகளைச் சார்ந்தது. நீதிபதிகளை முன்மொழிபவர் அதிபர். ஒப்புதல் அளிப்பது செனட் சபை. ஆகவே, ஒவ்வொரு அதிபர் தேர்தலும் செனட் தேர்தலும் அந்த உரிமையின் மீதான மறைமுக வாக்கெடுப்பாகவே இருந்துவந்தன.

என் முதல் பிழைக்கு வருகிறேன். இரு கட்சிப் போட்டியில் இரு வேட்பாளர்களும் நடுவில் நிற்கும் வாக்காளரை நோக்கியே நகர்வார்கள் என்பது 1929இல் ஹரால்ட் ஹோட்டலிங் தொடங்கிவைத்து, 1957இல் அந்தோணி டவுன்ஸ் விரித்துரைத்த கோட்பாடு. அதை நம்பியே பேசினேன். டிரம்ப் 1999இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் கருக்கலைப்பு உரிமையைத் தாம் ஆதரிப்பதாகக் கூறியவர். அப்படிப்பட்டவர் மனத்தளவில் தீவிர எதிர்ப்பாளராக இருக்க முடியாது. ஆகவே, பெரிதாக எதுவும் செய்ய மாட்டார் என்று கணக்கிட்டேன்.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, அமெரிக்க வேட்பாளர் இருமுறை போட்டியிடுகிறார். முதலில் கட்சிக்குள், பின்னர் நாட்டில். கட்சிக்குள் நடுவில் நிற்கும் வாக்காளர் வேறு. நாட்டின் நடுவில் நிற்கும் வாக்காளர் வேறு. இரண்டு, வேட்பாளர் மனத்துக்குள் என்ன நினைக்கிறார் என்பதை நம்மால் அறிய முடியாது. அறிந்தாலும் அதனால் பெரும் பயன் இல்லை. கலிஃபோர்னியா ஆளுநராக 1967இல் கருக்கலைப்புக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ரொனால்ட் ரீகன். அவரே 1980இல் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்களின் வேட்பாளராக நின்று அதிபரானார். அவர் மனம் உண்மையில் மாறியதா என்று ஆராய்வது வரலாற்றாசிரியர் வேலை. அவர் யாருடைய ஆதரவில் நிற்கிறார், அவர்களுக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று பார்ப்பதே வாக்காளர் வேலை.

வாக்குறுதி என்றால் எல்லா வாக்குறுதியும் ஒன்றல்ல. மீறினால் விலை கொடுக்க வேண்டியிருக்கும்படி தம்மைத் தாமே கட்டிப்போட்டுக்கொள்ளும் வாக்குறுதியைப் பொருளியலில் 'நம்பத்தகுந்த கடப்பாடு' என்போம். சந்தையில் முன்பணம் கொடுத்துப் பேசுபவருக்கும் வெறும் வாயால் பேசுபவருக்கும் உள்ள வேறுபாடுதான் அது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. குடியரசுக் கட்சியின் மூத்த அதிபர் புஷ், 1990இல் டேவிட் சூட்டர் என்பவரை உச்சநீதிமன்ற நீதிபதியாக்கினார். அவருடைய கருத்துகள் வெளியே அதிகம் தெரியாது. 1992இல் ரோ தீர்ப்பு மறு ஆய்வுக்கு வந்தபோது, ரீகன் நியமித்த சாண்ட்ரா டே ஓ'கானர், அந்தோணி கென்னடி ஆகியோருடன் சேர்ந்து சூட்டரும் அதன் அடிப்படையைக் காப்பாற்றினார். மூவருமே குடியரசுக் கட்சி அதிபர்களால் நியமிக்கப்பட்டவர்கள். கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். 'நல்லவரை நியமிப்பேன்' என்ற பொதுவான உறுதிமொழி இனிப் போதாது. பெயர் தெரிய வேண்டும்.

2016 மே மாதம் டிரம்ப் 11 பெயர்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். செப்டம்பரில் அது 21 ஆனது. நீல் கோர்சச் பெயர் அதில் இருந்தது. பிரெட் கேவனா, ஏமி கோனி பேரட் ஆகியோர் 2017இல் விரிவாக்கப்பட்ட பட்டியலில் இடம்பெற்றனர். 2016 அக்டோபரில் நடந்த மூன்றாவது விவாதத்தில், தாம் நியமிக்கும் நீதிபதிகளால் ரோ தீர்ப்பு தானாகவே வீழும் என்ற பொருளில் அவர் வெளிப்படையாகவே பேசினார். ஆவணம் கண்ணெதிரே இருந்தது. நானோ 1999ஆம் ஆண்டின் நேர்காணலை நினைத்துக்கொண்டிருந்தேன். கருக்கலைப்பை எதிர்த்த வாக்காளர்கள் என்னைவிடச் சரியாக அவரை எடை போட்டிருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இனி, எதிர்த்திசையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். பராக் ஒபாமா 1996இல் இலினாய் மாகாண செனட்டுக்குப் போட்டியிட்டபோது, தன்பாலினத் திருமணத்தை ஆதரிப்பதாக ஒரு வினாப்படிவத்தில் பதிலளித்தார். 2008இல் அதிபர் வேட்பாளரானபோது, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்றார். 2012 மே 9 அன்று மீண்டும் ஆதரவு தெரிவித்தார். சொல்லை மட்டும் பார்த்தால் இது ஊசலாட்டம். ஆனால், இடையில் நடந்தவற்றைப் பாருங்கள். தன்பாலின ஈர்ப்பாளர்கள் தம் அடையாளத்தை மறைத்தே ராணுவத்தில் பணியாற்ற முடியும் என்ற விதியை நீக்கும் சட்டத்தில் 2010 டிசம்பரில் கையெழுத்திட்டார். அவர்களின் திருமணத்தை மத்திய அரசு ஏற்கக் கூடாது என்ற 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை நீதிமன்றத்தில் ஆதரித்து வாதாடுவதில்லை என்று அவரது நிர்வாகம் 2011இல் முடிவெடுத்தது. அதாவது, சொல் வருவதற்கு முன்பே செயல் வந்துவிட்டது.

ஒருவரின் விருப்பத்தை அவர் சொல்லிலிருந்து அன்று, அவர் தேர்விலிருந்து அறிய வேண்டும் என்பது பால் சாமுவேல்சன் 1938இல் முன்வைத்த கருத்து. கடைக்காரர் வாடிக்கையாளரின் பேச்சைக் கேட்பதில்லை, கூடையைத்தான் பார்க்கிறார். அரசியல்வாதியின் கூடை அவர் அளித்த வாக்குகளும், இட்ட கையெழுத்துகளும், செய்த நியமனங்களும்தான்.

அந்தக் கூடையிலும் விலை பார்க்க வேண்டும். மிட் ராம்னி 1994இல் எட்வர்ட் கென்னடியை எதிர்த்துப் போட்டியிட்டபோது கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தார். தன்பாலின ஈர்ப்பாளர்களின் சமத்துவத்துக்குக் கென்னடியைவிடத் தாம் சிறப்பாகப் பாடுபட முடியும் என்று கடிதமே எழுதினார். தாராளச் சிந்தனை மிகுந்த மாசசூசெட்ஸில் அந்த நிலைப்பாட்டுக்கு விலை குறைவு. அதே மாகாணத்தின் ஆளுநராக, அவசரக் கருத்தடை மாத்திரை தொடர்பான மசோதாவை 2005இல் நிராகரித்தார். அதிபர் பதவியை நோக்கிப் புறப்பட்டவருக்கு அதுவும் இழப்பான செயல் அன்று. ஆனால், 2022இல் செனட்டராக இருந்தபோது, தன்பாலினத் திருமணங்களைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்த 12 குடியரசுக் கட்சியினரில் அவரும் ஒருவர். தம் கட்சியின் பெரும்பான்மைக்கு எதிராக அளித்த அந்த வாக்குக்குத்தான் எடை அதிகம். காற்றடிக்கும் திசையில் திரும்பிய முகத்தைவிட, காற்றுக்கு எதிராக எடுத்து வைத்த ஓரடி நமக்கு அதிகம் சொல்கிறது.

ஜோ பைடனையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர் அவர். 2022 டிசம்பர் 13 அன்று அதை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான 'மெடிகெய்ட்' வழியே மத்திய அரசின் பணம் கருக்கலைப்புக்குச் செல்லாமல் தடுக்கும் 'ஹைட் திருத்தம்' 1976 முதல் இருந்து வருகிறது. அதைப் பல்லாண்டுகள் ஆதரித்த பைடன், 2019 ஜூன் மாதம் தம் கட்சிக்குள் வேட்பாளர் போட்டி நடந்துகொண்டிருந்தபோது கைவிட்டார். அதிபரான பின் தம் வரவு-செலவுத் திட்ட முன்மொழிவிலிருந்து அதை நீக்கியும் பார்த்தார். நாடாளுமன்றம் அதை மீண்டும் சேர்த்துவிட்டது.

இங்கே இன்னொரு கேள்வி எழுகிறது. வேட்பாளர் கேட்கும் பதவிக்கு, அவர் சொல்வதைச் செய்யும் அதிகாரம் உண்டா? அதிபர் தனித்துச் செய்யக்கூடியவை சில உள்ளன. கருக்கலைப்பை மேற்கொள்ளும் அல்லது ஊக்குவிக்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு அமெரிக்காவின் குடும்பநல நிதி இல்லை என்ற 'மெக்சிகோ நகரக் கொள்கை' 1984இல் வந்தது. ஜனநாயகக் கட்சி அதிபர் வந்தால் அது நீங்கும். குடியரசுக் கட்சி அதிபர் வந்தால் திரும்பும். 1993, 2001, 2009, 2017, 2021, 2025 என ஆட்சி கைமாறிய ஒவ்வொரு முறையும் தவறாமல் இது நடந்திருக்கிறது. ஆனால், ஒரு பெண்ணுக்கு டெக்சாஸில் எந்த வாரம் வரை என்ன சிகிச்சை கிடைக்கும் என்பதை 2022க்குப் பின் முடிவு செய்வது பெரும்பாலும் ஆஸ்டின் நகரில் அமரும் மாகாண சட்டமன்றமே. அதிபர் வேட்பாளரின் ஒவ்வொரு சொல்லையும் ஆராயும் குடும்பங்கள், தம் தொகுதியின் மாகாண உறுப்பினர் பெயரைக்கூட அறியாதிருப்பது இன்றைய சூழலில் பெரும் குறை.

இந்த இரு உரிமைகளும் ஏன் சேர்த்தே பேசப்படுகின்றன என்பதற்கும் சட்டக் காரணம் உண்டு. கருத்தடை குறித்த 1965ஆம் ஆண்டுத் தீர்ப்பு, ரோ, தன்பாலின உறவைக் குற்றமற்றதாக்கிய 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு, தன்பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் ஏற்ற 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆகிய அனைத்தும், தனிமனித வாழ்வின் அந்தரங்கத்தில் அரசு நுழையலாகாது என்ற ஒரே சிந்தனை மரபில் வந்தவை. டாப்ஸ் தீர்ப்பில் தனியே கருத்து எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், ஏனைய மூன்றையும் மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றார். மற்ற நீதிபதிகள் யாரும் அதில் கையெழுத்திடவில்லை. எனினும், அந்த அச்சமே 2022 டிசம்பர் சட்டத்துக்கு வித்திட்டது.

ஆனால், ஒன்றில் எடுக்கும் நிலைப்பாட்டைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்கக் கூடாது. 2016இல் வெற்றி பெற்ற உடனே அளித்த நேர்காணலில், தன்பாலினத் திருமணம் முடிந்துபோன விவகாரம், தமக்கு அதில் ஆட்சேபம் இல்லை என்றார் டிரம்ப்; கருக்கலைப்பைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. மறுபுறம், திருநர்கள் ராணுவத்தில் பணியாற்றத் தடை விதிக்கப்போவதாக 2017இல் அவரே அறிவித்தார். தன்பாலின ஈர்ப்பாளர் என்பதற்காகவோ திருநர் என்பதற்காகவோ ஒருவரைப் பணிநீக்கம் செய்வது சட்டவிரோதம் என்று 2020இல் உச்சநீதிமன்றம் கூறியது. அவரது நிர்வாகத்தின் வாதத்துக்கு எதிரான அந்தத் தீர்ப்பை எழுதியவர், அவரே நியமித்த கோர்சச். நியமித்தவரின் கணக்கும் எப்போதும் பலிப்பதில்லை.

'இவையெல்லாம் சமூகப் பிரச்னைகள். நான் பொருளாதாரத்தைப் பார்த்து வாக்களிக்கிறேன்' என்பார் பலர். என் மாணவியும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தார். நானும் அதைத் திருத்தவில்லை. பொருளியல் ஆசிரியனாக நான் செய்த இரண்டாவது பிழை அதுவே. எடித் வின்சர் என்ற மூதாட்டி, தம் மனைவி இறந்தபின் 3,63,053 டாலர் மரபுரிமை வரி கட்ட நேர்ந்தது. மணந்தவர் ஆணாக இருந்திருந்தால் அந்த வரியே இல்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவை 2013இல் வீழ்த்திய வழக்கு அந்த வரி ரசீதிலிருந்துதான் பிறந்தது. மணமாகாத இளம்பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை எளிதில் கிடைக்கத் தொடங்கியதும், அவர்கள் மருத்துவம், சட்டம் போன்ற நீண்ட படிப்புகளில் அதிகமாகச் சேர்ந்தனர் என்று கிளாடியா கோல்டினும் லாரன்ஸ் காட்ஸும் 2002இல் நிறுவினர். டாப்ஸ் வழக்கில் 150க்கும் மேற்பட்ட பொருளியல் அறிஞர்களும் ஆய்வாளர்களும் நீதிமன்றத்தில் தம் கருத்தைத் தாக்கல் செய்தது இந்தத் தொடர்பை எடுத்துக்காட்டவே. கருவுக்கும் உயிருரிமை உண்டு என்று நம்புபவருக்கு இந்தக் கணக்கு முடிவான விடை ஆகாது. அதை நான் அறிவேன். ஆனால், செலவே இல்லாத முடிவு என்று அவரும் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. வேட்பாளர் என்பவர் பிரித்து வாங்க முடியாத மூட்டை. வரியும், குடியேற்றமும், கருக்கலைப்பும் ஒரே மூட்டையில் வருகின்றன. மூட்டையைப் பிரித்துக் கொடுத்தால் மக்கள் வேறு விதமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 ஆகஸ்டில், குடியரசுக் கட்சியின் கோட்டையான கன்சாஸில், கருக்கலைப்பு உரிமையை நீக்கும் மாகாண அரசமைப்புத் திருத்தத்தை ஏறத்தாழ 59 சதவீதத்தினர் நிராகரித்தனர். 2024 நவம்பரில் மிசூரி, அரிசோனா, மொன்டானா, நெவாடா வாக்காளர்கள் ஒரே நாளில் டிரம்ப்பையும் தேர்ந்தெடுத்து, கருக்கலைப்பு உரிமைக்கும் ஆதரவளித்தனர். ஃபுளோரிடாவில் 57 சதவீதத்தினர் ஆதரித்தும், 60 சதவீதம் தேவை என்பதால் திருத்தம் தோற்றது. மிசூரியில் மக்கள் ஏற்றதை நீக்கக் கோரும் மற்றொரு திருத்தத்தை அடுத்த ஆண்டே சட்டமன்றம் முன்வைத்தது. வாக்கெடுப்பில் வென்றவர்களும் உறுப்பினர் தேர்தலை அலட்சியம் செய்ய முடியாது என்பதே இதன் பாடம். டெக்சாஸிலோ, மக்கள் கையெழுத்து திரட்டி வாக்கெடுப்பைக் கோரும் வழியே இல்லை. அங்கே மூட்டையை முழுதாகத்தான் வாங்க வேண்டும். ஆகவே, உள்ளே இருப்பதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

என் மாணவியின் மகள் இப்போது அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளும் ஒரு வாக்காளர். அண்மையில் தாயின் தொலைபேசியை வாங்கி, "தாத்தா, யாருக்குப் போடலாம்?" என்று கேட்டாள். இம்முறை நான் பெயர் சொல்லவில்லை. 'அஞ்ச வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. "அவர் கேட்கும் பதவிக்கு இதில் என்ன அதிகாரம் என்று பார். யாருக்கு எழுத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று பார். தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் எப்போதாவது இதில் வாக்களித்திருக்கிறாரா என்று தேடு. அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்காதே. உன் தாத்தா அப்படித்தான் ஏமாந்தேன்" என்றேன்.

எழுதிக்கொள்வதாகச் சொன்னாள். முதலில் தன் தொகுதியின் மாகாண உறுப்பினர் யார் என்று பார்க்கப்போவதாகவும் சொன்னாள்.